பொது விண்ணப்பமா, தனி விண்ணப்பமா?

பிளஸ் டூ முடிவு வந்ததும் நம் வணிகப் பெருமக்கள் பலரும் கேட்பது இதுதான்: "ஒரே விண்ணப்பம் போட்டால் போதுமா, கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்க வேண்டுமா?" ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம் வட்டார அன்பர்களை மனதில் கொண்டு இதைச் சற்று விளக்குவோம்.

பொறியியலுக்கு 1997 முதல் ஒற்றைச் சாளர முறை நடைமுறையில் உள்ளது. 2018 வரை அண்ணா பல்கலைக்கழகம் நடத்தியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குக் கட் ஆஃப் கணக்கிட்டு, தரவரிசைப்படி இடம் தருகிறார்கள். தூத்துக்குடி வ.உ.சி. பொறியியல் கல்லூரிக்கும் சென்னை கிண்டிக்கும் அதே படிவம்தான்.

தனியார் பொறியியல் கல்லூரிகளில்தான் கணக்கு மாறுகிறது. சிறுபான்மை அல்லாத கல்லூரி 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரி 50 சதவீத இடங்களையும் கலந்தாய்வுக்குத் தருகின்றன. மீதி நிர்வாக ஒதுக்கீடு. அதற்குக் கல்லூரியிலேயே தனி விண்ணப்பம். ஆனால் முதல் பட்டதாரி கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கலந்தாய்வு வழியே சேருவோருக்குத்தான். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அடக்க விலை மட்டும் வேறு! முடிவு வருமுன்பே ஒரு கல்லூரியில் முன்பணம் கட்டிவிட்டு, "இடம்தான் கிடைத்துவிட்டதே" என்று பொது விண்ணப்பத்தையே விட்டுவிடுகிற குடும்பங்கள் உண்டு. கடைக்குச் சரக்கு எடுக்கும்போது நாலு இடத்தில் விலை கேட்கிறவர்கள் இதில் மட்டும் ஏன் அவசரப்படுகிறார்களோ!

விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் எழுதலாம். வரிசைதான் முக்கியம். உண்மையிலேயே வேண்டியதை முதலில் எழுதுங்கள். கிடைக்காது என்று பயந்து கீழே தள்ளினால், மேலே எழுதியது கிடைத்துவிட்ட பிறகு கீழே உள்ளதை யாரும் பார்க்கமாட்டார்கள்.

கலை, அறிவியல் படிப்பின் கதை வேறு. அரசுக் கல்லூரிகளுக்கு இணையவழிப் பொது விண்ணப்பம் உண்டு. நெல்லை ராணி அண்ணா மகளிர் கல்லூரி, கோவில்பட்டி அரசுக் கல்லூரி ஆகியவை அதில் வரும். ஆனால் பொதுவானது படிவம் மட்டுமே. தரவரிசையும் கலந்தாய்வும் அந்தந்தக் கல்லூரியில்தான். நமக்கு அருகிலுள்ள ஸ்ரீவைகுண்டம் குமரகுருபர சுவாமிகள் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி, காமராஜ் கல்லூரி ஆகியவை அரசு உதவி பெறுபவை. இவை அந்தப் படிவத்தில் இல்லை. நேரே கல்லூரியில் விண்ணப்பிக்க வேண்டும். கடைசித் தேதியும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். எனவே இங்கே ஒன்றை மட்டும் நம்பியிராமல் அரசுப் படிவத்தோடு இரண்டு தனி விண்ணப்பமாவது போட்டு வைப்பதே நல்லது. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியும் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும் இந்த இரண்டு பொதுப் படிவங்களிலும் சேராதவை.

பல இடங்களில் விண்ணப்பிக்கும்போது அசல் சான்றிதழ்களை ஒரே இடத்தில் முடக்கிவிடாதீர்கள். கல்லூரிகள் அசலைப் பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்துள்ளது. சரிபார்க்க அசலைக் காட்டி, நகலைக் கொடுத்து, கையோடு திரும்ப வாங்கி வாருங்கள். கட்டிய பணத்துக்கு ரசீதும் கேட்டு வாங்குங்கள்.