செயல் நினைவும் மூளையும்

17ஐ 6ஆல் மனத்திற் பெருக்குவோம். முதலிற் கிடைத்த 60ஐ இழவாது வைத்துக்கொண்டே 42ஐக் கண்டு கூட்டல் வேண்டும். அச்சிறு பொழுது 60ஐத் தாங்கி நிற்பதே செயல் நினைவு எனப்படும். அது மூளையில் எங்கே தங்குகின்றது?

நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி நீக்கப்பட்ட குரங்குகள், தம் கண்முன் மறைத்த உணவின் இடத்தைச் சில விநாடிகளிலே தவறவிட்டமையை 1936இல் யேக்கப்சன் காட்டினார். அப்பகுதியே நினைவின் களஞ்சியம் என்று கொள்ளத் தோன்றும். ஆயின், 1942இல் மல்மோ இடைப்பொழுதில் விளக்கை அணைத்து வைத்தார். அத்தகைய குரங்குகளும் பெரிதும் தேறின! அவை இழந்தது நினைவையன்று, குறுக்கிடும் காட்சிகளை விலக்கும் ஆற்றலையே எனலாம். ஞாபகமற்றவர் என்று நாம் கடிந்த மாணவருட் சிலர், யன்னலுக்கு வெளியே எழுந்த சத்தத்தாற் கணக்கை இழந்தவராதல் கூடும்.

காத்திருக்கும் பொழுது முழுவதும் நெற்றிப்பகுதியின் நரம்புக்கலங்கள் சில தொழிற்படுதலை 1971இல் பூஸ்ரரும் அலெக்சாந்தரும் பதிந்தனர். இடமறியும் உச்சிப்புறத்தும் அத்தகைய கலங்கள் உள. கண்ட பொருளின் நுட்பங்களைப் பிடரிப்பகுதி ஏந்த, நெற்றிப்பகுதி அதனை நெறிப்படுத்துகின்றது என்பர் ஆய்வாளர் பலர். 60ஐ மனத்துள் உச்சரித்துக் காப்போர்க்கு, பெரும்பாலும் இடப்புறத்தே அமைந்த மொழிப்பகுதிகளும் துணைவரும்.