வள்ளத்தின் அடியில் கீறலா?

மணற்கரையில் இழுத்தேற்றும் ஃபைபர் வள்ளத்தின் அடியில் கீறல் கண்டவுடன், காரணம் அறியாமல் பெயிண்டைப் பூசி மறைப்பது வீண் விரயமாதலால், முதலில் உப்பும் மணலும் போக நல்ல தண்ணீரில் கழுவி உலரவிட்டு, காலை வெயில் சாய்வாக விழும் வேளையில் அக்கீறல் எத்திசையில் ஓடுகிறதென்று நிதானமாகப் பரீட்சித்துப் பார்ப்பதே உத்தமம். அணியத்திலிருந்து பின்தலை நோக்கி அடிமட்டத்தில் நீளவாக்காக ஓடினால், சிப்பியும் சரளும் கலந்த கரையில் இழுத்ததே காரணம். பக்கங்களில் மேலுங்கீழுமாகத் தேய்ந்திருந்தாலோ, சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற துறைமுகங்களில் கட்டிக்கிடக்கையில் அலையில் ஏறியிறங்கிச் சுவரிலோ அண்டை வள்ளத்திலோ உரசியதென்று நிச்சயிக்கலாம். பழைய டயர்களைத் தொங்கவிட்டால் உராய்வு பெரும்பாலும் குறைந்துவிடும். அணியத்தின் விளிம்பில் வழவழப்பான பள்ளம் விழுந்திருப்பின், அது நங்கூரக் கயிற்றின் வேலை.

ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல் பிரியும் மெல்லிய கோடுகள் கீறலே அல்ல. தூண்டில் வளைவுக் கல்லிலோ மறைபாறையிலோ மோதியிருக்கக்கூடுமென்பதால், உட்புறத்தையும் தட்டிப் பார்த்தல் அவசியம். வருடும்போது நகம் சிக்கினாலோ, பூச்சுக்கடியிலுள்ள நார் வெளித்தெரிந்தாலோ, நீர் புகுந்து அடுக்குகளைப் பிரித்துவிடும் அபாயம் உண்டு. அவ்விடத்தை நன்கு உலர்த்தி அடைக்காமல் வள்ளத்தைக் கடலில் இறக்காதீர்கள்.