போட்டியே இல்லையாம்!

இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள்: "சார், எங்க ஐடியாவுக்குப் போட்டியே கிடையாது." தொழில் கடன் விண்ணப்பங்களைப் படித்தே தலை நரைத்த பழைய வங்கிக்காரன் நான். இந்த வரி கண்ணில் பட்டால் பேனாவை மூடிவிடுவேன்.

நம்பிக்கை: எங்களுக்குப் போட்டி இல்லை.

உண்மை: இருக்கிறது. நீங்கள் தேடிய இடம்தான் தப்பு.

கடைசியாக வந்தவர் பொள்ளாச்சித் தம்பி. தேங்காய் பறிக்க ஆள் பிடித்துத் தரும் செயலி. பிளே ஸ்டோரில் தேடினாராம், அப்படி ஒன்று இல்லையாம். "தோப்புக்காரர் இப்ப என்ன பண்றார்?" என்றேன். "ஆளுக்குப் போன் போடுவார்." அட, அந்தப் போன்தானே தம்பி உங்கள் போட்டி! மோட்டார் ரூம் சுவரில் கரிக்கட்டையால் எழுதிய பத்து இலக்கம். அதற்குக் கமிஷன் உண்டா, பாஸ்வேர்டு உண்டா? மரத்தோடு காயைப் பேசி முடிக்கும் வியாபாரி தானே ஆள் கூட்டி வருகிறார், அவரும் போட்டி. தொரட்டியும் போட்டி. எல்லாவற்றுக்கும் மேல், உங்கள் ஆளே போட்டி: இரண்டு வெட்டுக்கு வந்தவர் தோப்புக்காரரிடம் தன் நம்பரைக் கொடுத்துவிட்டால், மூன்றாவது வெட்டுக்குச் செயலி எதற்கு?

நிர்வாகவியல் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் இதை 1979-லேயே எழுதிவிட்டார். ஒரு தொழிலை நெருக்கும் சக்திகள் ஐந்து. அதே தொழில் செய்யும் எதிராளி அதில் ஒன்றுதான். புதிதாக நுழைபவர், மாற்று வழி, சரக்கு தருபவர், வாங்குபவர் என்று இன்னும் நான்கு உண்டு. தம்பி ஒன்றைத் தேடிவிட்டு நான்கை விட்டுவிட்டார்.

உண்மையிலேயே யாரும் இல்லையென்றால் இன்னும் பயப்படுங்கள். ஆளில்லாத ஊரில் டீக்கடைக்குப் போட்டி இருக்காதுதான். போட்டி இருந்தால் வாடிக்கையாளர் இருக்கிறார் என்று அர்த்தம். சென்னையில் 2010-ல் கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் வாடிக்கையாளர் சேவை மென்பொருளான ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கியபோது, அதே வேலையைச் செய்யும் ஜென்டெஸ்க் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அது விலையை ஏற்றியதும் வாடிக்கையாளர்கள் புலம்பினார்கள்; கிரீஷுக்குப் பொறி தட்டியது அங்கேதான். 2021-ல் அந்த நிறுவனம் நாஸ்டாக் ஏறியது.

நம்பிக்கை: முதலில் வந்தவனுக்கே சந்தை.

உண்மை: தேடுபொறிகளில் ஆல்டாவிஸ்டா வந்தது 1995, கூகுள் 1998. இன்று எதில் தேடுகிறீர்கள்?

நம்பிக்கை: விலையைக் குறைத்தால் போதும்.

உண்மை: பெரியவன் நாளைக்கே உங்களைவிடக் குறைப்பான், ஒரு வருடம் தாங்குவான். நீங்கள் எத்தனை மாதம்?

கடைசியாக, நான் எல்லோரிடமும் புலம்புவது: திட்ட அறிக்கையைத் தமிழில் எழுதித் தொலையுங்கள். கலர் கலராக இங்கிலீஷ் ஸ்லைடு போட்டால் யாருக்காகத் தொழில் செய்கிறீர்களோ அவருக்கே புரியாது. தமிழில் எழுதி, தோப்புக் கட்டிலில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். இரண்டாம் பக்கம் தாண்டுமுன் அவர் சொல்லிவிடுவார்: "எங்கிட்டதான் ஆள் இருக்குதே தம்பி!"