ஈரத்தைத் தெளிக்காதே, தேக்கு

அன்புள்ள கவின்,

படம் வந்தது. ஆமைக்குட்டி துறுதுறுவென்று இருக்கிறது. நான் அதைவிட அதன் பெட்டியைத்தான் அதிக நேரம் பார்த்தேன். மேலே திறந்த பிளாஸ்டிக் தொட்டி, உள்ளே காய்ந்த மரச்சீவல், தலைக்கு மேல் ஒரு பெரிய பல்பு, ஓரத்தில் ஸ்ப்ரே பாட்டில். "பாலைவனத்துப் பிராணி, ஈரம் ஆகாது" என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். முதலில் அதை மறந்துவிடு.

சல்கட்டா ஆமைக்குச் சொந்த ஊர் சகாராவின் தென்விளிம்பு. ஊர் வறண்டதுதான். ஆனால் ஆமை அந்த வறட்சியில் போய் உட்கார்ந்திருப்பதில்லை. வெயில் ஏறியதும் நீளமாகத் தோண்டிய வளைக்குள் இறங்கிவிடும். அங்கே மண் குளிர்ந்து ஈரமாக இருக்கும். வரைபடத்தைப் பார்த்து அதற்கு வீடு கட்டக் கூடாது, வளையைப் பார்த்துக் கட்ட வேண்டும்.

ஈரம் குறைந்தால் கெடுவது ஓடு. ஓட்டில் கட்டத்துக்குக் கட்டம் கூம்பு எழும்புவதற்குப் புரதம் அதிகமான தீனிதான் காரணம் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வியன்னாவில் இரண்டு ஆய்வாளர்கள், வீஸ்னரும் ஈபனும், 50 சல்கட்டா குட்டிகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் முதல் ஐந்து மாதம் வளர்த்துப் பார்த்து 2003இல் எழுதினார்கள். உலர்ந்த காற்றில் வளர்ந்தவற்றுக்குத்தான் கூம்பு நன்றாக எழுந்தது. புரதத்தின் பங்கு சொற்பம். கட்டங்களின் ஓரத்தில் புதிதாக வளரும் இளம் ஓடு சீக்கிரமே காய்ந்து இறுகிவிடுவதால் வளர்ச்சி கோணிக்கொள்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஒருமுறை எழுந்த கூம்பு பிறகு தணியாது. இனி வளர்வதை வேண்டுமானால் சமமாக வளர்க்கலாம். அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

ஒரு நாளைக்கு நான்கு தடவை தெளித்தும் ஈரப்பத மீட்டர் 30 சதவீதத்தைத் தாண்டவில்லை என்கிறாய். எப்படித் தாண்டும்? நீ இருக்கும் சிகாகோவில் ஜனவரியின் மைனஸ் 10 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு இரண்டரை கிராம் நீராவியைக்கூடத் தாங்காது. அதே காற்றை உள்ளே இழுத்து 28 டிகிரிக்குச் சூடாக்கினால், 27 கிராம் கொள்ளக்கூடிய இடத்தில் அந்தச் சொற்பம்தான் இருக்கும். பத்து சதவீதத்துக்கும் கீழே. நம் மூச்சும் சமையலும் குளியலும்தான் வீட்டில் அதைக் கொஞ்சம் ஏற்றுகின்றன. உன் உதடு வெடிப்பதும் இதனால்தான். திறந்த தொட்டியில் தெளித்த நீர் நேரே அறைக்குப் போய்விடுகிறது. மூடாத இட்லிப் பானையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றி என்ன பயன்?

எனவே மூடு. கதவுள்ள பெட்டி வாங்க இப்போது பணம் இல்லையென்றால், பிளாஸ்டிக் தாள் ஒட்டிய ஒரு மரச்சட்டம் போதும். விளக்குகள் மூடியின் உட்பக்கம் இருக்க வேண்டும். தாளோ கண்ணாடியோ குறுக்கே வந்தால் யூ.வி.பி. கதிர் ஆமையிடம் போய்ச் சேராது. பல்பு தாளைத் தொடாமலும் பார்த்துக்கொள். அந்தப் பெரிய பல்பைப் பகலில் குளிர்காயும் ஒரு மூலைக்கு மட்டும் வைத்துக்கொள். ராத்திரிக்கு வெளிச்சமில்லாத செராமிக் ஹீட்டர், தெர்மோஸ்டாட்டோடு.

மரச்சீவலை அள்ளிக் கொட்டிவிட்டுத் தென்னை நார்க்கழிவு போடு. செங்கல் அளவில் அமுக்கிய கட்டியாக அங்கே கிடைக்கும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறியதாகவே இருந்தாலும் இருக்கும். வெந்நீரில் ஊறவைத்து நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்பு. ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. பிறகு தண்ணீரை மேலே தெளிக்காதே, நான்கு மூலைகளில் ஊற்று. அடி நனைந்து மேற்பரப்பு ஏறக்குறைய உலர்ந்தே இருக்கும். ஆமை நடக்கும் தரை சொதசொதவென்றிருந்தால் அடி ஓடு அழுகத் தொடங்கும்.

எல்லாரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. 80 சதவீத ஈரம் வேண்டும் என்று படித்துவிட்டு அதை ஏற்றுகிறார்கள். ராத்திரி பெட்டி 20 டிகிரிக்கு இறங்குவதைப் பார்ப்பதில்லை. ஈரமும் குளிரும் சேர்ந்தால் மூக்கில் நுரைக்குமிழி, வாய் திறந்த மூச்சு, பிறகு மருத்துவர் செலவு. உன் குட்டிக்கு ராத்திரியிலும் 26க்குக் கீழே போக விடாதே. சூட்டை நிலையாகத் தர முடியாத வீட்டில் ஈரத்தை ஏற்றுவதைவிட ஏற்றாமல் இருப்பதே மேல் என்பேன்.

தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில், தாடை மூழ்காத ஆழத்தில், அரை மணி நேரம் விடு. அதில் போகும் வெள்ளைக் கழிவை விரலால் தேய்த்துப் பார்: களிம்பாக இருந்தால் சரி, மணல் போல நறநறத்தால் உடம்பில் நீர் போதவில்லை.

உன் அறைத்தோழன் வாங்கப்போகும் ஹெர்மன் ஆமைக்கு இந்த எண்களை அப்படியே சொல்லிவிடாதே. அது மத்தியதரைக்கடல் பக்கத்து ஆமை, வளர்ந்ததும் இதைவிட உலர்ந்த காற்றைத் தாங்கும். இந்த விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது நட்சத்திர ஆமை ஒன்று பிடித்துத் தரச் சொல்கிறாயே, அந்தப் பேச்சே வேண்டாம். இந்தியாவில் அதை வீட்டில் வைப்பதே குற்றம். 2019 முதல் அதன் பன்னாட்டு வணிகத்துக்கும் தடை.

மீட்டரை நம்புவதற்கு முன் சோதித்துப் பார். பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டு, ஈர மணல் பதம் வரும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடு. அதையும் மீட்டரையும் ஒரு ஜிப் பையில் வைத்துக் காற்றுப் புகாமல் மூடி, ராத்திரி முழுக்க அறைச் சூட்டில் விட்டுவிடு. காலையில் 75 காட்ட வேண்டும். உன்னுடையது என்ன காட்டுகிறது என்று வாட்ஸ்அப்பில் போடு. அதுவரை ஈரப்புகை விடும் மெஷின் எதையும் ஆர்டர் செய்யாதே.

அன்புடன்,
சித்தி