எல்காடர்: அமீரின் பெயர் தாங்கிய அமெரிக்கச் சிற்றூர்

கடந்த தவணையில் எமது வரலாற்று ஆசிரியை வகுப்புக்கு ஓர் ஒப்படை தந்தார். ஐக்கிய அமெரிக்காவின் சிறிய ஊரொன்றைத் தெரிவுசெய்து, அதன் வரலாற்றையும் அங்குள்ளோரின் அன்றாட வாழ்வையும் எழுத வேண்டும். நியூயோர்க், வாஷிங்டன் போன்ற பெருநகரங்களை எடுக்கக் கூடாது. வகுப்பில் எவரும் கேள்விப்படாத ஊராக இருத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை.

நூலகத்திலிருந்த பெரிய தேசப்படத்தில் அயோவா மாநிலத்தின் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வடகிழக்கு மூலையில் 'எல்காடர்' என்றொரு பெயர் கண்ணில் பட்டது. சுற்றியிருந்த பெயர்களெல்லாம் ஆங்கிலமாகவும் ஜேர்மனாகவும் இருக்க, இது மட்டும் வேறு விதமாக ஒலித்தது. பெயரை எழுதிக்கொண்டு போய் வாப்பாவிடம் காட்டினேன்.

"இது மூத்தவாப்பாட பேர் மாதிரி இருக்கே, மகள்" என்று சிரித்தார் வாப்பா.

என் மூத்தவாப்பாவின் பெயர் அப்துல் காதர். வாப்பா விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் தேடிப் பார்த்தபோது அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள அந்த ஊர், அல்ஜீரியாவின் அமீர் அப்துல் காதிரின் பெயரையே தாங்கி நிற்கின்றது. என் ஒப்படைக்கு ஊர் கிடைத்துவிட்டது.

கவுண்டியும் அதன் தலைமை நகரும்

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் சிறு நிர்வாகப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பெரும்பாலான மாநிலங்களில் இப்பிரிவுகள் 'கவுண்டி' என அழைக்கப்படுகின்றன. அயோவாவில் மட்டும் 99 கவுண்டிகள் உள்ளன. ஒரு கவுண்டியின் நீதிமன்றமும் அலுவலகங்களும் அமைந்த ஊரே அதன் தலைமை நகராகும். எமது நாட்டில் கச்சேரி இருக்கும் ஊரை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அங்கே காணிப் பதிவாளர், பொருளாளர், ஷெரிப் எனப்படும் பொலிஸ் தலைவர் போன்றோரையும் மக்களே வாக்களித்துத் தெரிவுசெய்கின்றனர்.

எல்காடர், கிளேட்டன் கவுண்டியின் தலைமை நகர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்வோர் சுமார் 1,200 பேர் மாத்திரமே. எமது கல்லூரியின் காலைக் கூட்டத்தை நினைத்துப் பார்த்தேன். ஒரு பாடசாலைக்குள் அடங்கக்கூடிய சனத்தொகை! ஆனாலும் ஒரு கவுண்டி முழுவதற்குமான அலுவல்கள் அங்கேதான் நடக்கின்றன.

அந்தத் தகுதி எளிதாகக் கிடைத்துவிடவில்லை. கவுண்டியின் தலைமை இடம் வேறு ஊர்களுக்கு மாறி மாறிச் சென்ற பின்னரே எல்காடரில் நிலைபெற்றது. அக்காலத்தில் நீதிமன்றம் எங்கே இருக்கிறதோ அங்கே கடைகளும், சட்டத்தரணிகளும், பத்திரிகையும், தங்குமிடங்களும் வந்து சேர்ந்தன. ஆகையால் அந்தத் தகுதிக்காக ஊர்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டதில் வியப்பில்லை.

1846: ஊரும் பெயரும்

எல்காடரின் நடுவே 'டர்க்கி' என்னும் ஆறு ஓடுகின்றது. துருக்கி நாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வான்கோழியின் ஆங்கிலப் பெயரே ஆற்றுக்கும் அமைந்துள்ளது. இந்த ஆற்றின் நீர்வலுவை நம்பி திமோத்தி டேவிஸ், ஜோன் தொம்சன், செஸ்டர் சேஜ் என்னும் மூவர் 1846இல் ஊருக்கு அளவிட்டு வரைபடம் வகுத்தனர். அதே ஆண்டு டிசம்பர் மாதத்திலேயே அயோவா ஒரு மாநிலமாக அங்கீகரிக்கப்பட்டது. ஆற்றங்கரையில் மா ஆலை எழுந்தது. சுற்றுப்புற விவசாயிகள் கோதுமையை மாட்டு வண்டிகளிலும் குதிரை வண்டிகளிலும் ஏற்றி அங்கே கொண்டுவந்தனர்.

திமோத்தி டேவிஸ் ஒரு சட்டத்தரணி. பிற்காலத்தில் அமெரிக்கக் காங்கிரஸின் உறுப்பினராகவும் இருந்தவர். புதிய ஊருக்கு அமீர் அப்துல் காதிரின் பெயரை வைத்தவர் அவரே. பிரான்சின் பெரும் படையை ஓர் இளம் தலைவர் எதிர்த்து நிற்கும் செய்தி அப்போது அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. தாமும் ஒரு பேரரசை எதிர்த்துச் சுதந்திரம் பெற்றவர்கள் என்ற நினைவு அமெரிக்கர் மனத்தில் இருந்தமையால், அந்தச் செய்தி அவர்களைக் கவர்ந்தது.

யார் இந்த அமீர்?

அமீர் அப்துல் காதிர் 1808இல் அல்ஜீரியாவின் மஸ்கரா நகருக்கு அருகே பிறந்தார். அவரது தந்தை காதிரிய்யா தரீக்காவின் தலைவராக விளங்கியவர். 1830இல் பிரான்ஸ் அல்ஜியர்ஸ் நகரைக் கைப்பற்றியது. 1832இல் கோத்திரத் தலைவர்கள் அப்துல் காதிரை அமீராக ஏற்று பைஅத் செய்தபோது அவருக்கு வயது 24. பதினைந்து ஆண்டுகள் போராடிய அவர், கைதிகளைக் கொல்லாது மனிதாபிமானத்தோடு நடத்த வேண்டும் எனத் தம் படையினருக்குக் கட்டளையிட்டார்.

1847 டிசம்பரில் அவர் போரை நிறுத்தினார். முஸ்லிம் நாடொன்றுக்குச் செல்ல அனுமதிப்பதாகப் பிரான்ஸ் வாக்களித்திருந்தது. அந்த வாக்கை மீறி 1852 வரை அவரைச் சிறைவைத்தது. விடுதலையான பின்னர் 1855 முதல் டமஸ்கஸ் நகரில் வாழ்ந்தார். 1860இல் அங்கே கலவரம் மூண்டு கிறிஸ்தவர்கள் தாக்கப்பட்டபோது, அவரும் அவரோடிருந்த அல்ஜீரியர்களும் ஆயிரக்கணக்கானோரைத் தம் பாதுகாப்பில் வைத்துக் காப்பாற்றினர். தம்மைச் சிறைவைத்த நாட்டவரும் அவர் காத்தவர்களுள் இருந்தனர். உலகின் பல நாடுகளிலிருந்தும் அவருக்குப் பாராட்டுகள் குவிந்தன. 1883இல் டமஸ்கஸில் காலமானார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஊருக்குப் பெயர் வைத்தது 1846இல். டமஸ்கஸ் சம்பவம் அதற்கு 14 ஆண்டுகள் பிந்தியது. ஆகவே கிறிஸ்தவர்களைக் காப்பாற்றியதற்காக அப்பெயர் வைக்கப்படவில்லை. தம் மண்ணுக்காகப் போராடிக்கொண்டிருந்த ஒருவருக்கே அந்த மரியாதை கிடைத்தது.

டீச்சர் கேட்ட கேள்வி

இவ்வளவையும் எழுதி வகுப்பில் பெருமையோடு வாசித்தேன். தோழிகள் கைதட்டினார்கள். ஆசிரியை மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. 1846க்கு முந்தி அந்த இடத்தில யார் இருந்தாங்க?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. வெற்று நிலத்தில் மூவர் வந்து ஊர் அமைத்தனர் என்றே நான் எழுதியிருந்தேன். ஒப்படையைத் திருப்பித் தந்து, இன்னும் ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்.

மீண்டும் தேடினேன். மிசிசிப்பி ஆற்றின் அந்த மேற்குக் கரை நாடு சோக், மெஸ்க்வாக்கி, ஹோ-சங்க் முதலான பூர்வீகக் குடிகள் வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்த பூமி. 1832இல் சோக் இனத்தின் பிளாக் ஹோக் நடத்திய போர் தோல்வியில் முடிந்தது. அதனால் அவரது மக்கள் ஆற்றின் மேற்கே பெரும் நிலப்பரப்பைக் கையளிக்க நேர்ந்தது. 1833 முதல் அங்கே வெள்ளையர் குடியேறினர். எல்காடர் வகுக்கப்பட்ட அதே 1846ஆம் ஆண்டில்தான், வடகிழக்கு அயோவாவில் தமக்கிருந்த நிலத்தை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையில் ஹோ-சங்க் மக்கள் ஒப்பமிட்டனர். 1848இல் அவர்கள் மினசோட்டாவுக்கு அனுப்பப்பட்டனர்.

அந்தப் பகுதியை எழுதும்போது என் பேனா தயங்கியது. கடலுக்கு அப்பால் ஒருவர் தம் நிலத்தைக் காக்கப் போராடுவதை மெச்சிய நாட்டவர், தம் வாசலில் நிலமிழந்தவர்களின் போராட்டத்தை அதே கண்ணால் பார்க்கவில்லை. பெயர் வைத்தவரின் நல்லெண்ணம் பொய்யல்ல. ஆனால் ஹோ-சங்க் மக்களை விட்டுவிட்டு இந்த ஊரின் கதையைச் சொன்னால் அது பாதிக் கதையே.

இன்றைய எல்காடர்

கோதுமைக் காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. பூச்சித் தாக்கத்தால் விளைச்சல் வீழ்ந்தது. விவசாயிகள் சோளத்துக்கும், பன்றி வளர்ப்புக்கும், கறவை மாடுகளுக்கும் மாறினர். இன்று சோளமும் சோயாவும் சித்திரை, வைகாசியில் விதைக்கப்பட்டு, கடுங்குளிர் தொடங்குமுன் அறுவடையாகின்றன. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் தாம் வளர்த்த கன்றுகளைக் கோடையில் நடக்கும் கவுண்டிச் சந்தையில் காட்சிப்படுத்துவார்கள்.

ஆற்றைக் கடக்க 1889இல் கட்டப்பட்ட இரட்டை வளைவுக் கற்பாலம் இன்றும் பாவனையில் உள்ளது. 1903இல் திறந்த அரங்கில் இன்றும் நாடகங்களும் இசை நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. நீதிமன்றக் கட்டடத்துக்கு வராத குடும்பமே கவுண்டியில் இருக்க முடியாது. பிறப்பு, திருமணம், மரணப் பதிவு, காணி உறுதி, வாகன வரி, தேர்தல் என எல்லாம் கவுண்டி அலுவலகங்களின் பொறுப்பு. சாதாரண குடிமக்களே ஜூரிகளாக அமர்ந்து வழக்கைக் கேட்கவும் அழைக்கப்படுவர். கடைக்காரரும், ஆசிரியரும், பால் பண்ணைக்காரரும் ஒரே வரிசையில் இருப்பார்கள்.

பெயர் உறவானது

1984இல் எல்காடரும் அமீரின் மஸ்கராவும் சகோதர நகரங்களாயின. 2008 ஜூனில் டர்க்கி ஆறு பெருக்கெடுத்து ஊரை மூழ்கடித்தபோது, அல்ஜீரியாவிலிருந்து நிவாரண உதவி வந்தது. அக்காலப்பகுதியில் அமீரின் வாழ்வை மாணவர்க்குக் கற்பிக்கும் கல்வித் திட்டமொன்றும் எல்காடரை மையமாகக் கொண்டு ஆரம்பமாகியது. அமீரைப் பற்றி மாணவர்கள் கட்டுரை எழுதும் போட்டியும் அதில் அடங்கும். முஸ்லிம்களைப் பற்றிய அச்சம் அமெரிக்காவில் பரவியிருந்த ஆண்டுகள் அவை. அந்தச் சின்ன ஊரோ தன் பெயரை மாற்ற நினைக்காமல், அதன் பொருளைப் படிக்க முற்பட்டது. எனக்கு இதுவே பெரிய விடயமாகப் பட்டது.

ஒப்படையை முடித்த அன்றிரவு வாப்பாவிடம் கேட்டேன்: "மூத்தவாப்பாக்கு ஏன் அப்துல் காதர்னு பேர் வெச்சாங்க?" வாப்பா சற்று நேரம் யோசித்தார். முஹியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் நினைவாக இருக்கலாம் என்றார். அந்தப் பெரியாரின் தரீக்காவிலேயே அல்ஜீரிய அமீரும் வளர்ந்தவர் என்று நான் சொன்னேன். "உம்மம்மாட்டத்தான் கேக்கணும். அவக்குத்தான் சரியாத் தெரியும்" என்றார் வாப்பா.

வருகிற விடுமுறையில் உம்மம்மாவைப் பார்க்கப் போகின்றேன். இம்முறை ஒரு கொப்பியையும் எடுத்துச் செல்வேன். தோழியரே, நீங்களும் உங்கள் வீட்டுப் பெயர்களையும் தெருப் பெயர்களையும் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது, அந்த இடத்தில் அதற்கு முன் யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.