ஜாமீன் கிடைத்தும் ஆள் உள்ளே

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் தனியாக வக்காலத்து போடத் தொடங்கிவிட்டாய் என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். ஆயுதச் சட்ட வழக்கை எங்கிருந்து பிடிப்பது என்று கேட்டிருந்தாய்.

உன் பகுதியை வைத்தே சொல்கிறேன். ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஒரே அறையில் ஆறேழு பேர் வாடகையைப் பங்குபோட்டுத் தங்குகிறார்கள். ஒருவன் ஒடிசா, ஒருவன் பீகார், ஒருவன் நம் திருவண்ணாமலைப் பக்கம். ஷிப்டுக்குத் தக்கபடி மாறிமாறிப் படுக்கிறார்கள். அந்த அறைப் பரணில் ஒரு நாட்டுத்துப்பாக்கி அகப்பட்டால் அது யாருடையது? அறையில் இருந்த பாவத்துக்கு எல்லோரும் குற்றவாளி ஆகிவிட முடியாது. துப்பாக்கி இருப்பது தெரிந்திருக்க வேண்டும், அது அவன் ஆளுகையிலும் இருக்க வேண்டும் என்று 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு, வேறொருவர் கையில் கொடுத்து வைத்திருந்தாலும் ஆளுகை தன்னிடம் இருந்தால் குற்றம்தான் என்றும் சொல்கிறது. இரண்டையும் படி. பிறகு மகஜரை எடு. பெட்டி பூட்டியிருந்ததா, சாவி யாரிடம், சாட்சிக் கையெழுத்து யாருடையது என்று பார். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தில், பொருளைக் காட்டிக்கொடுத்த பகுதி மட்டுமே நிற்கும்.

கட்சிக்காரரிடம் தண்டனையை மறைக்காதே. உரிமம் இல்லாத சாதாரணத் துப்பாக்கிக்கு முன்பு 1 முதல் 3 ஆண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2, அதிகபட்சம் 5. தடைசெய்யப்பட்ட ரகம் என்றால் 7 முதல் 14. செய்து விற்றால் ஆயுள்வரை போகும். குடும்பப் பாதுகாப்புக்கு வைத்திருந்தேன் என்ற வாதம் நடிகர் சஞ்சய் தத்துக்கே கைகொடுக்கவில்லை. தடா (பயங்கரவாதத் தடுப்பு) சட்டக் குற்றச்சாட்டிலிருந்து தப்பியும், ஆயுதச் சட்டத்தில் 2013-இல் அவருக்கு 5 ஆண்டு உறுதியானது.

இனி ஜாமீன். ஆலைகளில் ஸ்கிராப் எடுக்கும் போட்டியில் மிரட்டலும் வெட்டுக்குத்தும் பார்த்த பகுதி அது. துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் நடுவர் தயங்குவது இயல்பு, அதைக் குறை சொல்லாதே. முன்வழக்கு இல்லை, நிலையான வேலை உண்டு, பொருள் ஏற்கெனவே கைப்பற்றப்பட்டுவிட்டது என்பதைக் காகிதத்தோடு காட்டு. 5 ஆண்டுக் குற்றம் என்பதால் 60 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கட்சிக்காரருடைய உரிமை. தேதியை டைரியில் குறித்துவை. இந்தக் குற்றத்தில் வழக்குத் தொடர 39-ஆம் பிரிவின்படி மாவட்ட நடுவரின், அதாவது கலெக்டரின், முன் அனுமதி வேண்டும். ஆனால் அனுமதி வராததைக் காட்டி 60 நாள் ஜாமீன் கேட்காதே. 2023-இல் ஜட்ஜ்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது.

பாதிப் பேர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். ஜாமீன் உத்தரவு வந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். இரண்டு ஜாமீன்தாரர், அதில் ஒருவர் ரத்த உறவு என்று உத்தரவில் இருக்கும். ஒடிசாக்காரனின் அண்ணன் லீவு போட்டு, ரயில் ஏறி, சொத்துக் காகிதத்தோடு வந்தாலும் உள்ளூர் ஆள் வேண்டும் என்பார்கள். இதை நான் அநியாயம் என்றே சொல்வேன். 1978-இல் மோதிராம் என்ற கொத்தனாருக்கு இதுதான் நடந்தது. 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள்; வேறு மாவட்டத்துக்காரர் என்று அவருடைய சகோதரரைக்கூட ஜாமீன்தாரராக ஏற்கவில்லை. நீதிபதி கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். தமிழனோ மலையாளியோ பஸ்தரில் கைதானால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவான் என்று தீர்ப்பிலேயே கேட்டார். நம் ஊரில் கைதாகிற ஒடிசாக்காரனுக்கும் அந்தக் கேள்வி அப்படியே பொருந்தும்.

ஆகவே மனு போடும்போதே, கட்சிக்காரரால் தாங்கக்கூடிய ஜாமீனைக் கேள். பிணைத்தொகை மிகையாக இருக்கக் கூடாது என்று பி.என்.எஸ்.எஸ். 484-ஆம் பிரிவு சொல்கிறது; செஷன்ஸ் கோர்ட் குறைக்கலாம். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதலை அச்செடுத்து வைத்துக்கொள். உத்தரவு வந்து 7 நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணை கொடுக்க முடியாவிட்டால் கோர்ட்டே நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன் நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்றும் அதில் உண்டு.

கண்டிஷன் கையெழுத்தையும் விட்டுவிடாதே. தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்றால் ஜெனரல் ஷிப்டுக்காரனுக்கு வேலை போய்விடும். காண்ட்ராக்ட் ஆளுக்கு மாற்று ஆள் அன்றைக்கே வந்துவிடுவான். ஷிப்டு அட்டையைக் காட்டி மாலை நேரம் கேள், அல்லது வாரம் ஒரு நாள் கேள். இதைக் கேட்பதில் உனக்குக் கூச்சம் வேண்டாம்.

மனுவைத் தாக்கல் செய்யுமுன் மகஜர் நகலோடு எனக்கு அனுப்பு. கட்சிக்காரர் தமிழ் புரியாதவர் என்றால், மொழிபெயர்க்க யாரை அழைத்துப் போகிறாய் என்பதையும் எழுது.

அன்புடன்,
உன் சீனியர்