குடியை விடுபவருக்குத் துணை நிற்போம்

தண்ணீரூற்று, பெயரிலேயே ஊற்றைக் கொண்ட ஊர். முள்ளியவளையை ஒட்டிய அந்த மண்ணுக்கு இடம்பெயர்வு புதிதல்ல. 1984இன் இறுதியில் கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிப் பக்கத்துக் கமக்காரர் தம் வயலையும் வீட்டையும் இழந்து வெளியேறினர். 1990 ஒக்டோபரில் தண்ணீரூற்றின் முஸ்லிம் குடும்பங்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பக்கம் போக நேர்ந்தது. 2004 மார்கழியில் ஆழிப்பேரலை கரையோரத்தவரை உள்ளே தள்ளியது. 2008இன் கடைசியில் எஞ்சியிருந்த ஊரும் எழும்பி, முள்ளிவாய்க்கால்வரை ஓடி, பின் செட்டிகுளத்தில் மனிக் பாம் முகாமில் அடைபட்டது. அந்த முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது.

திரும்பி வந்தவர்கள் கிணறு இறைத்தார்கள், பற்றை வெட்டினார்கள், கச்சானும் நெல்லும் மறுபடி போட்டார்கள். ஆனால் மனதில் கொண்டுவந்த பாரத்தை இறக்கிவைக்க இடம் கிடைக்காத பலர், அதைக் குடியில் இறக்கப் பார்த்தார்கள். அப்படிப்பட்டவர் குடியை விட நினைக்கும்போது வீடும் அயலும் அறிந்திருக்க வேண்டியது என்ன என்பதே இப்பாடம்.

ஒரு நேர்த்தியின் கதை

இது ஒரு தனிக் குடும்பத்தின் கதை அல்ல. பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்துச் சொல்கிறோம்.

ஐம்பத்தெட்டு வயதுக் கமக்காரர் ஒருவர். 2009இல் மூத்த மகனைப் பறிகொடுத்தவர். முதலில் நித்திரைக்கென்று இரவில் குடித்தார். பிறகு, கை நடுங்காமல் மண்வெட்டி பிடிப்பதற்கென்று காலையிலும் குடித்தார். மனைவி அழுதார். தமையன் அடித்தார். பிள்ளைகள் கதைப்பதை விட்டார்கள். கடைசியில் வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்து, "இனித் தொடமாட்டேன்" என்று சத்தியம் பண்ணினார். வீட்டில் பெரிய சந்தோஷம்.

முதல் நாள் கைநடுக்கம், வியர்வை, சத்தி. இரண்டாம் நாள் வலிப்பு. மூன்றாம் நாள் இரவு, செத்த மகன் வாசலில் நிற்கிறான் என்று கதவைத் திறந்துகொண்டு ஓடினார். சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று அடித்தார். ஒருவர் பேய் என்றார். இன்னொருவர் நேர்த்தியில் ஏதோ குற்றம் என்றார். "கொஞ்சம் ஊத்திக் குடுங்கோ, அடங்கும்" என்றார் மூன்றாமவர். நல்லகாலம், தகவல் அறிந்த குடும்பநல உத்தியோகத்தர் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுத்தார். மனிதர் உயிர் பிழைத்தார்.

அவரைப் பிடித்தது பேயல்ல, நேர்த்தியிலும் குற்றமில்லை. குடியைத் திடீரென நிறுத்தியதால் வந்த நோய் அது.

உடம்புக்குள் நடப்பது என்ன?

மது மூளையை மந்தப்படுத்தும் பொருள். நெடுங்காலம் தினமும் குடிப்பவரின் மூளை, அந்த மந்தத்தை எதிர்த்து எப்போதும் முறுக்கோடு இயங்கப் பழகிவிடுகிறது. நெல் மூட்டை ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு மேடு ஏறும் உழவு இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். கொழுவி கழன்று பெட்டி பின்னே போனால் இயந்திரம் கட்டுக்கடங்காமல் பாயும். மது சட்டென்று நின்றால் மூளையும் அப்படித்தான் பாய்கிறது.

கடைசியாகக் குடித்த ஆறு மணித்தியாலம் முதல் ஒரு நாளுக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். வலிப்பு வருமானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாதவை கண்ணில் தெரியும், காய்ச்சலும் காணும். வைத்தியம் செய்யாவிட்டால் இந்த நிலை உயிரைக் கொண்டுபோகலாம்.

குடிப்பவர் எல்லோருக்கும் இப்படி வருவதில்லை. காலையிலேயே குடி தேவைப்படுபவர், நிறுத்தியபோது முன்பு வலிப்பு வந்தவர், முதுமையும் வேறு நோயும் உள்ளவர் ஆகியோருக்கே ஆபத்து அதிகம். இவர்களை வீட்டில் பூட்டி வைத்து விடப்பண்ணுவது கூடாது. வைத்தியரைக் காணும்வரை, முற்றாக நிறுத்தும்படி வற்புறுத்தவும் கூடாது. முதலில் வைத்தியசாலை, அங்கே விடுவதற்கு நாள் குறிக்கலாம்.

வைத்தியசாலையில் மூளையின் முறுக்கைத் தணிக்கும் மருந்தைச் சில நாட்களுக்குக் கொடுத்து, படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் எனப்படும் பீ1 விற்றமினும் கொடுப்பார்கள். சோற்றை விட்டுக் குடியிலேயே காலம் தள்ளியவரின் உடம்பில் இது வற்றிப்போயிருக்கும். கவனியாவிட்டால் ஞாபகசக்தியே நிரந்தரமாகக் கெடலாம். இம்மருந்துகளைக் கடையில் வாங்கி நாமே கொடுக்கக் கூடாது.

நாலு கேள்விகள்

குடி நோயாகிவிட்டதா என்று அறிய, ஜோன் யூவிங் என்ற அமெரிக்க வைத்தியர் அமைத்த நாலு கேள்விகள் உலகெங்கும் பயன்படுகின்றன. எமது பேச்சில் அவற்றை இப்படிக் கேட்கலாம்:

1. குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்தீர்களா?
2. உங்கள் குடியைப் பற்றி மற்றவர்கள் குறை சொல்லும்போது எரிச்சல் வந்ததா?
3. குடித்ததற்காக உங்கள் மனமே உங்களைக் குத்தியதா?
4. காலையில் எழும்பியதும், நடுக்கம் தீர அல்லது உசார் வரக் குடித்ததுண்டா?

இரண்டுக்கு "ஓம்" என்றால் வைத்தியரிடம் கதைப்பது நல்லது. குற்றம் பிடிக்கும் குரலில் கேட்டால் உண்மையான பதில் வராது. வெறி இல்லாத நேரம் பார்த்து, வேலிக்கரையில் இருந்து கதைப்பதுபோலக் கேளுங்கள்.

குடிக்குக் கீழே கிடக்கும் துக்கம்

யாழ். மாவட்டத்தில் 2009 ஆடி முதல் புரட்டாதி வரை நடந்து, 2011இல் வெளியான ஆய்வு ஒன்று, அங்குள்ளவர்களில் 100க்கு ஏறத்தாழ 22 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளைக் கண்டது. அந்த நேரத்தில் இடம்பெயர்ந்தே இருந்தவர்களிடம் அது 100க்கு ஏறத்தாழ 42. வீடும் காணியும் இல்லாதிருப்பது மனதை எவ்வளவு வருத்துகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

போர்க்காலத்தில் வடக்கில் பணிசெய்த மனநல வைத்தியர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், வன்னியின் காயத்தைக் கூட்டு மனவடு என்று விளக்கினார். காயப்பட்டவர் தனிமனிதர் மட்டுமல்லர். குடும்பமும், அயலும், ஒருவரை ஒருவர் நம்பும் பழக்கமும் காயப்பட்டன என்பது அதன் பொருள். ஆகவே மாற்றுவதும் ஒருவரால் மட்டும் முடியாது.

எம்மவர் "எனக்கு மனச்சோர்வு" என்று வைத்தியரிடம் சொல்வதில்லை. "ஒரே யோசனை", "நெஞ்சு அடைக்குது", "பெருமூச்சு வருது", "தலையிடி" என்றே சொல்வர். இவற்றோடு நித்திரையின்மை, பசியின்மை, எதிலும் விருப்பமின்மை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். குடியை மட்டும் நிறுத்தித் துக்கத்தை அப்படியே விட்டால், குடி திரும்பி வரும். குடும்பத்தைத் தாங்கும் மனைவிக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும். அவரை மறந்துவிடக் கூடாது.

மஞ்சக்குடி காட்டிய வழி

தமிழ்நாட்டில், குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் குடிநோயாளருக்கான சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். நகரத்துக்கு வரக் கமக்காரருக்கு வசதியில்லை என்று கண்ட அந்நிலையத்தார், 1980களின் இறுதியிலிருந்து காவிரிப் படுகையின் மஞ்சக்குடிக் கிராமத்திலேயே சிகிச்சை முகாம்களை நடத்தினர். தங்க இடமும் சாப்பாடும் ஊர் கொடுத்தது. வைத்தியமும் ஆலோசனையும் நிலையம் கொடுத்தது. குடும்பத்தவரும் வந்து பாடம் கேட்டார்கள். முகாம் முடிந்த பின்பும் சுகமானவர்களைத் தேடிச் சென்று பார்த்தார்கள்.

இதில் எமக்குரிய பாடம், பெரிய கட்டடம் முதல் தேவையல்ல என்பது. வைத்தியம் ஒரு கிழமை. துணை நிற்றல் ஓராண்டு. அந்த ஓராண்டு ஊரின் பங்கு.

எமது ஊரில் செய்யக்கூடியவை

வழியை அறிந்து வைப்போம். தண்ணீரூற்று மக்களுக்கு மாஞ்சோலையில் மாவட்ட வைத்தியசாலை உண்டு. எந்தக் கிழமையில் மனநலச் சிகிச்சை நடக்கிறது என்று கேட்டு, சனசமூக நிலையத்திலும் சங்கக்கடையிலும் எழுதி ஒட்டலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

நேர்த்தியையும் மருந்தையும் சேர்ப்போம். குடியை விடும் எண்ணத்தைப் பலர் முதலில் சொல்வது ஐயரிடம், பாதரிடம், மௌலவியிடம். "நல்ல முடிவு, முதலில் வைத்தியரைக் கண்டு வாருங்கள், பிறகு சத்தியம் பண்ணலாம்" என்று அவர்கள் சொன்னால் ஓர் உயிர் தப்பும்.

மறுபடி குடித்தவரைத் தள்ளாதிருப்போம். பலர் ஒருமுறைக்கு மேல் முயன்றே விடுகின்றனர். விட்டவரை அந்திநேரம் தனியே விடாமல் கூட்டு வேலைக்கும் பந்துக்கும் பசனைக்கும் அழைப்போம். வீட்டில் அடிபடும் பெண்ணுக்கு மட்டும் "பொறுத்துப் போ" என்று சொல்லாதிருப்போம். பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கூட்டிச் செல்வோம்.

வயல் மருந்தை வீட்டில் சேர்க்காதிருப்போம். 1995இல் இலங்கையில் 100,000 பேருக்கு 47 பேர் தம்முயிரை மாய்த்தனர். கொடிய கிருமிநாசினிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பின் அந்த அளவு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. நஞ்சு கைக்கு எட்டாதிருந்தால், அந்த வேளை கடந்து மனிதர் பிழைக்கிறார். ஆனால் பூட்டுப்பெட்டி கொடுப்பதால் மட்டும் பயனில்லை என்று, வட மத்திய மாகாணக் கிராமங்களில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே ஒரு தெளிப்புக்கு வேண்டியதையே வாங்குவோம். சாவைப் பற்றிப் பேசுபவரிடம் நேராகவே கேட்போம், தனியே விடாதிருப்போம். தற்கொலை முயற்சி 1998 முதல் இந்நாட்டில் குற்றமல்ல. பொலிசுக்குப் பயந்து வைத்தியசாலைக்குப் பிந்த வேண்டாம்.

இடம்பெயர்ந்து நடந்த நாட்களில், நடக்கமாட்டாதவரை நாம் வழியில் விட்டுவரவில்லை. சைக்கிளில் இருத்தித் தள்ளினோம், தோளில் தூக்கினோம். குடியை விட முயல்பவரும் இன்று நடக்கமாட்டாதவரே.

கூடிக் கலந்துரையாட

1. எமது ஊரில் யாராவது குடியை விட்டபோது வலிப்போ புத்தித் தடுமாற்றமோ வந்ததா? அப்போது அயலவர் என்ன செய்தோம்?
2. இரவில் ஒருவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக எமது ஒழுங்கையில் யாரிடம் வாகனம் உண்டு? யாரிடம் தொலைபேசி எப்போதும் இருக்கும்?
3. குடியை விட்ட ஒருவருக்கு முதல் மூன்று மாதம் துணையாக வரக்கூடிய இருவரின் பெயரைச் சொல்ல முடியுமா?